சால்வைக்கு ஒரு நாற்காலி

சித்திரை வெயிலில் கம்பளிச் சால்வை போர்த்தித் திரிந்த ஒரே ஜீவன் ஜமீன்தார் வீரபூபதி. மகாராஜா போர்த்தியதாம், கழற்றினால் மரியாதை போய்விடுமாம். மரியாதை தங்கியது, கூடவே கழுத்திலிருந்து இடுப்புவரை தடிப்பும் அரிப்பும் தங்கின. அரண்மனை வைத்தியர் சால்வையைக் குறை சொல்ல அஞ்சி, செவ்வாய் கிரகத்தைக் குறை சொன்னார். ஜமீன்தாரோ சலவைக்காரி சுடலியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வேட்டியில என்னத்தடி தடவின? வெள்ளிக்கிழமைக்குள்ள அரிப்பு நிக்கலேன்னா ஊரைக் காலி பண்ணு."

சுடலி கும்பிட்டாள். "கஞ்சி மட்டுந்தான் சாமி. எனக்கு வேற கவலை. மகாராசா குடுத்த சால்வையில உங்க வேர்வை படுது, சொறியிற நகமும் படுது. யாராவது அவர் காதுல போட்டுட்டா?"

ஜமீன்தாரின் நகம் பாதி வழியில் நின்றது. "அதுக்கு என்ன செய்ய?"

"சால்வைக்குத் தனி நாற்காலி போடுங்க. நீங்க பச்சத்தண்ணியில குளிச்சிட்டு, கஞ்சி போடாத பருத்தித் துண்டோட பக்கத்துல பணிவா நில்லுங்க. சொறியாதீங்க, அது பணிவில்ல."

வெள்ளிக்கிழமை அரிப்பு அடங்கியிருந்தது. சுடலி ஊரிலேயே இருந்தாள். செவ்வாய் இடம் பெயர்ந்துவிட்டதென்று வைத்தியர் பரிசு வாங்கிக்கொண்டார். மனு கொடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் நாற்காலியை விழுந்து வணங்கிவிட்டு, பக்கத்தில் துண்டோடு நின்றவரிடம் கொஞ்சம் விசிறச் சொன்னார்கள்.