முள்ளாயி வாங்கிய வீடு

ஒரு காட்டில், பங்குனி பிறந்து புங்கமரமெல்லாம் தளிர்விட்டு நின்ற ஒரு காலையில், முள்ளாயி என்ற முள்ளம்பன்றி வீடு வாங்கக் கிளம்பினாள்.

அதுவரை அவளும் அவள் கணவன் கூரானும் கூரானின் அண்ணன் வளையில் ஒண்டுக்குடித்தனம். ஒரே வளைக்குள் ஐந்து முள்ளம்பன்றிகள் என்றால் கேட்க வேண்டுமா, குழந்தைகளே? ஒருவர் புரண்டு படுத்தால் ஐவருக்கும் குத்தும். போதாததற்கு, முள்ளாயி வயிற்றில் குட்டி வேறு. ஐப்பசி வாக்கில் பிறந்துவிடும்.

அவர்களிடம் இருந்த சொத்தெல்லாம் ஒரு குவியல் வள்ளிக்கிழங்கு. இரண்டு வருஷமாக இருவரும் நகம் தேயத் தோண்டிச் சேர்த்தது. அதைக் கொடுத்துத்தான் வீடு வாங்க வேண்டும். ஏமாந்தால் இன்னொரு குவியலுக்கு எங்கே போவது?

அந்தக் காட்டில் வீட்டுத் தரகர் நரியார். அவர் வாயைத் திறந்தால் கள்ளிச்செடியும் கற்பகமரம் ஆகிவிடும். இருவரையும் நேராக ஆற்றங்கரை மருதமரத்துக்குக் கூட்டிப்போனார். மரத்தடியில் ஒரு வளை.

"பாரு தங்கச்சி, கிழக்குப் பார்த்த வாசல். உள்ளே போய்ப் பாரு, தரை எப்படி வழவழன்னு இருக்கு! தண்ணிக்கு அலையவே வேண்டாம். தண்ணி வாசலுக்கே வரும்."

ஆறு எட்டடி தள்ளி ஒரு நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. காற்று சிலுசிலுவென்று வீசியது. கூரானுக்கு அப்போதே அங்கே படுத்துத் தூங்க வேண்டும்போல் இருந்தது.

"முடிச்சிடலாம் முள்ளாயி. இதைவிட்டா கிடைக்காது" என்றான்.

"ஆமாம். சாயங்காலமே இன்னொரு ஜோடி பார்க்க வருது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் நரியார்.

முள்ளாயிக்கும் அந்த வீடு பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பிடித்துவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்கிற பிறவி இல்லை அவள். உள்ளே போய்ச் சுவரை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். ஒரு நத்தை ஓடு பொலக்கென்று விழுந்தது.

"அண்ணே, படுக்கிற அறையிலே நத்தை ஓடு எப்படி வந்தது?"

"அதுவா? அழகுக்குப் பதிச்சது."

வெளியே வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் பின்னங்காலில் எழுந்து நின்றால் எட்டுகிற உயரத்தில், பட்டைக்குள் காய்ந்த நாணலும் சருகும் செருகிக்கொண்டு தொங்கின.

"அது என்ன அண்ணே?"

"குருவி கட்டின கூடு. பாட்டு கேட்டுக்கிட்டே தூங்கலாம்."

முள்ளாயி அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். கரையோரம் இருந்த மரம் அத்தனையிலும் அதே உயரத்தில் அதே சருகு. எந்த ஊர்க் குருவி அளவு பிடித்துக் கூடு கட்டும்? அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வயிற்றுக்குள் இருக்கும் குட்டியை நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வாய் சிரித்துக்கொண்டே பேசியது.

"வீடு பிடிச்சிருக்கு அண்ணே. ஒரே ஒரு ஆசைதான். வாங்கிக் கொடுத்த நீங்கதான் எங்களுக்கு அண்ணன் முறை. ஐப்பசியிலே புது வீட்டிலே முதல் தீபாவளி. முதல் நாளே நீங்க வந்து, இதே அறையிலே எங்களோடு படுத்து எழுந்திருக்கணும். விடிஞ்சதும் கிழங்கு மொத்தத்தையும் நீங்களே வாரிக்கிட்டுப் போகலாம்."

நரியார் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஐப்பசியிலா? இங்கேயா? ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். கூரானின் முள்ளெல்லாம் சடசடவென்று நிமிர்ந்து நின்றது.

முள்ளாயி கோபப்படவில்லை. கோபப்பட்டால் வீடு கிடைத்துவிடுமா?

"போகட்டும் அண்ணே. மேட்டிலே உங்க வீட்டுக்குப் பக்கத்திலே ஒரு பாறைப் பொந்து சும்மாதானே கிடக்கு. அது எப்படி?"

நரியார் முகத்தைச் சுளித்தார். "அதுவா? வாசல் முழுக்கக் கள்ளி. உள்ளே வௌவால் எச்சம். யாருமே வேண்டாம்னு போட்டது."

"தண்ணி வருமா?"

"தண்ணியா! பொட்டுத் தண்ணி வராது."

"அப்போ அதையே முடிச்சிடுங்க. பாதிக் கிழங்கு தர்றேன்."

வாங்க ஆளே இல்லாத பொந்து. நரியார் தலையாட்டினார். கிளம்பும்முன் முள்ளாயி தன் முதுகிலிருந்து நீளமான முள் ஒன்றைப் பிடுங்கி, பின்னங்காலில் எழுந்து நின்று, மருதமரத்தில் சருகு தொங்கிய உயரத்தில் அழுத்திக் குத்தினாள்.

"இது எதுக்கு?" என்றான் கூரான்.

"சாயங்காலம் வர்ற ஜோடி, இது ஏன்னு நம்மகிட்ட வந்து கேட்கட்டும்."

அந்த மனசு யாருக்கு வரும்? தப்பித்தோம், பிழைத்தோம் என்று ஓடுகிறவர்கள்தானே அதிகம்!

பொந்தைப் பெருக்கியே கூரானுக்கு முதுகு ஒடிந்தது. கள்ளியைத் திட்டாமல் அவன் ஒருநாள்கூட வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

ஐப்பசி வந்தது. அடைமழை ஏழு நாள் விடாமல் கொட்டியது. எட்டாம் நாள் வெயில் எட்டிப் பார்த்ததும் கூரான் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தான். முள்ளைப் பார்த்த பிறகு யாருமே குடிவராத அந்த வளை, மருதமரத்தடியில் இருந்த இடமே தெரியவில்லை. எல்லாம் சேறு. அதன்மேல் ஒரு நண்டு உலாத்திக்கொண்டிருந்தது. மரத்தில் முள்ளாயி குத்திய முள் அப்படியே இருந்தது. அதில் புதுச் சருகு தொங்கியது.

அவன் மூச்சிரைக்க மேட்டுக்கு ஓடிவந்தான்.

"முள்ளாயி, நரியண்ணன் ஒரு விஷயத்திலே பொய்யே சொல்லலே. தண்ணி வாசலுக்கேதான் வந்திருக்கு!"

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் தூங்கினாங்க" என்றாள் முள்ளாயி.

அவள் பக்கத்தில் இரண்டு குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, காய்ந்த தரையில் உறங்கிக்கொண்டிருந்தன. கூரான் வாசலுக்கு வந்து, அந்தக் கள்ளிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டான்.

நீதி: வேனிலில் வீடு பார்ப்பவர், மழைக்காலத்தைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.