பல்லக்கில் வந்த மாப்பிள்ளை

பெண்ணைப் பெற்றவர்களே, கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். பிள்ளையைப் பெற்றவர்களும் கேட்கலாம், தப்பில்லை.

வெகு காலத்துக்கு முன்னே ஒரு புலிக்குப் பல்லக்கு கிடைத்தது.

காட்டு வழியில் போன ஒரு ராஜகுமாரனை அடித்துத் தின்றுவிட்டு, அவன் தலைப்பாகையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அவன் பல்லக்கிலேயே ஏறித் திரையை மூடிப் படுத்தது. தூக்கி வந்தவர்கள் உறைந்து நின்றார்கள். "தூக்குங்கள்" என்று உறுமியது. தூக்கினார்கள்.

புலி நடந்து போன காலத்தில் தம்பட்டம் அடித்துத் துரத்திய ஜனங்கள், இப்போது வழிவிட்டுக் கும்பிட்டார்கள். அடடா, இத்தனை நாள் ஏன் பசியோடு அலைந்தோம் என்று புலி நினைத்துக்கொண்டது.

அது மருதங்கரைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அம்பலவாணர் என்று ஓர் எண்ணெய் வணிகர். அவருக்கும் மனைவி வடிவாம்பாளுக்கும் ஒரே பெண், செவ்வந்தி. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

முதலில் ஒருவன் நடந்து வந்தான். அவனை முற்றத்து வெயிலில் நிறுத்தினார்கள். பல்லைக் காட்டச் சொன்னார்கள். மூட்டையைத் தூக்கச் சொன்னார்கள். பாட்டன் எதனால் செத்தார் என்று கேட்டார்கள். தண்ணீர் கொடுக்க மறந்துபோனார்கள்.

அடுத்தவன் வில்வண்டியில் வந்தான். அவனை நிழலில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, பாதிக் கேள்விதான் கேட்டார்கள்.

மூன்றாவதாகப் பல்லக்கு வந்தது. பட்டுத் திரை. வெள்ளி மணி. ஒரு கேள்வியும் கேட்கவில்லை!

அந்த ஊர் வழக்கம் அப்படி. பெண் வீட்டார் சம்மதம் சொல்லும்வரை பல்லக்கின் திரையை விலக்கக் கூடாது. விலக்கினால் பெரிய மனிதரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். நடந்து வந்தவனை மட்டும் பல் முதல் பாதம் வரை பார்க்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லையாம்.

செவ்வந்திக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மணிச் சத்தம் கேட்டதுமே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். பார்க்காத முகத்தை அவளே மனசுக்குள் வரைந்துவிட்டாள். பட்டுக்குள் இருப்பவன் அழகாகத்தானே இருப்பான்?

அப்போது உள்ளேயிருந்து ஓர் உறுமல் வந்தது.

"அப்பா, இது மனுஷக் குரல் மாதிரி இல்லையே."

"பைத்தியம்! ஆளப் பொறந்தவங்க குரல் இப்படித்தான் கம்பீரமா இருக்கும்."

காற்று திரும்பியது. பச்சை ரத்த வாடை அடித்தது.

"அப்பா, நாத்தம் குடலைப் புரட்டுது."

வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுச் சொர்ணம் முந்திக்கொண்டாள். "கஸ்தூரிடி அது! நம்ம மூக்குக்கு எங்க தெரியப்போகுது?"

செவ்வந்தி பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்தாள். அவர்கள் தோளெல்லாம் நகம் கிழித்த கோடுகள்.

"அப்பா, அவங்க தோளையாவது பாருங்க."

"பெரிய இடத்துல வேலை செஞ்சா நாலு அடி விழத்தான் செய்யும். நீ போய்ப் பூ வெச்சுக்க."

செவ்வந்தி தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள்.

செவ்வந்தி அப்பா பக்கம் திரும்பினாள்: "சரிப்பா, எனக்குச் சம்மதம். முறைப்படி தாம்பூலம் கொடுத்துடுங்க."

சம்மதம் சொன்னதும் பெண்ணின் தகப்பன் தன் கையைத் திரைக்குள் நீட்டி, மாப்பிள்ளை கையில் வெற்றிலை வைக்க வேண்டும். வேறு யாரும் வைக்கக் கூடாது.

அம்பலவாணர் வெற்றிலையை எடுத்தார். பல்லக்கின் அருகே போனார். கை, திரை வரைக்கும் போய் நின்றது.

உள்ளே சப்புக்கொட்டும் சத்தம்.

"நீட்டுங்கப்பா."

"முழங்கையில... ஒரே வலிம்மா." அவர் சொர்ணத்தைப் பார்த்தார். சொர்ணத்துக்கு அடுப்பில் பால் வைத்தது திடீரென்று ஞாபகம் வந்தது; போய்விட்டாள்.

"கம்பீரக் குரல்தானேப்பா? கஸ்தூரி வாசனைதானே? நீட்டுங்க."

அவர் கை மடங்கிப் பின்னால் ஒளிந்தது.

அதைப் பார்த்ததும் வடிவாம்பாள் முன்னால் பாய்ந்து வந்தாள்.

"அடப் பாவி மனுஷா, உனக்குத் தெரிஞ்சிருக்கு! உன் கை போக மாட்டேங்கிற எடத்துக்கு என் பொண்ணை முழுசா அனுப்பப் பாத்தியே! நானும் தெரிஞ்சே வாயைப் பொத்திக்கிட்டு நின்னேனே!"

ஒரே இழுப்பில் திரையைக் கிழித்தாள். தலைப்பாகை வைத்த புலி உட்கார்ந்திருந்தது.

ஊர் ஓடியது என்றா நினைக்கிறீர்கள்?

"புலியா இருந்தா என்னம்மா, எவ்வளவு பெரிய சம்பந்தம்!" என்றார் ஒருவர்.

"கல்யாணம் ஆனா சாதுவாயிடும்" என்றார் இன்னொருவர்.

"உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, எங்க வீட்டுலயும் பொண்ணு இருக்கு" என்றார் மற்றொருவர்.

வடிவாம்பாள் மகளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள்.

புலி பாயவில்லை. எதற்குப் பாய வேண்டும்? இரையை அலங்கரித்து அனுப்பி வைக்கிற ஊர் அது. கிழிந்த திரையை முடிந்து கட்டச் சொன்னது. பல்லக்கு எழுந்து அடுத்த தெருவுக்குத் திரும்பியது. கடைசியாகப் பேசியவர் வீட்டு வாசலில் அதற்குள் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், அந்த வீட்டுப் பெண்.

ஒருவனுடைய செல்வத்தைப் பார்த்ததுமே அவனையே பார்த்துவிட்டதாக நம்புகிறவர்கள், தங்கள் கையைக்கூட நீட்டத் துணியாத வாய்க்குள் பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் வைப்பார்கள்.