எதிர்மணை

ஒரு ஊர்ல ஒரு பொம்பளை இருந்தா, பேரு செங்கமலம். அவ வேலை என்ன தெரியுமா? பக்கத்து நாட்டோட சண்டை போடலாமா, வேண்டாமான்னு ராஜாவுக்கு யோசிச்சுச் சொல்றது. ஜோசியம் இல்ல குட்டி, புளியங்கொட்டைய நகத்தி நகத்திப் பாத்துச் சொல்லுவா.

கூடத்துல ரெண்டு மணை போட்டிருப்பா, எதிரெதிரா. தன் மணையில உக்காந்து, நம்ம ராஜா என்ன செய்யலாம்னு ஒரு கொட்டைய நகத்துவா. அப்புறம் எழுந்து போய் எதிர்மணையில உக்காருவா. இப்போ அவ ஆத்துக்கு அக்கரை ராஜா. 'அவன் இப்படிப் பண்ணினா நான் என்ன பண்ணுவேன்?'னு அந்தப் பக்கத்துக் கொட்டைய நகத்துவா. அப்புறம் மறுபடி இந்தப் பக்கம். பொழுதன்னைக்கும் இதே வேலை. "தனக்குத் தானே ஆடுது பாரு, கிறுக்கு"ன்னு ஊரே சிரிச்சுது. புருஷன் இல்ல, புள்ள இல்ல, பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்ல. பாவம், ரொம்பத் தனியா இருந்தா. ம் சொல்லு.

அப்போ ஒரு வருஷம் அக்கரைப் படை ஆத்தோரம் வந்து நின்னுச்சு. டம் டம் டம்னு முரசு. ராஜா, "பாஞ்சிடலாமா?"ன்னான். ராஜாக்களுக்கு வேற என்ன தெரியும்! "நாம முதல்ல கை வைக்க வேண்டாங்க"ன்னா செங்கமலம். பத்து நாள் நின்னுட்டு அவங்களே திரும்பிட்டாங்க.

மறு வருஷம் நம்ம மாட்டுல பத்தை ஓட்டிட்டுப் போய்ட்டாங்க. ராஜா தாம் தூம்னு குதிச்சான். "அவங்க ஊரையே கொளுத்துறேன்!"

"வேண்டாங்க. அங்கேருந்து பத்து மாடு ஓட்டிட்டு வாங்க. பதினொண்ணு கூடாது."

அப்படியே செஞ்சாங்க. எட்டாம் நாள், ம்மா ம்மான்னு நம்ம பத்து மாடும் நீந்தி வந்துச்சு. நாமளும் அவங்க மாட்டைத் திருப்பி விட்டோம். அப்போதான் அவளுக்குப் பட்டுச்சு: அங்கேயும் யாரோ ஒருத்தர் மணை போட்டு உக்காந்திருக்காங்க. அன்னைக்கு அவ ஒரு வாய் கூடவே சாப்பிட்டா.

ம்? ஆங்.

மூணாம் வருஷம் ஆத்தோரம் நம்ம வைக்கோல் படப்பு சடசடன்னு எரிஞ்சுது. யார் வெச்ச தீயோ, எங்கேருந்து பறந்த பொறியோ. செங்கமலம் பழையபடி "ஒண்ணுக்கு ஒண்ணு"ன்னுட்டா. அதுதான் தப்பாப் போச்சு. நாம ஒண்ணு கொளுத்த, அவங்க ஒண்ணு கொளுத்த, கடைசியா அவங்க வெச்சதுல படப்போட நம்ம ஜனங்க குடிசை ரெண்டும் சேந்து எரிஞ்சுது.

அவ எதிர்மணையில உக்காந்து பாத்தா. 'அவங்கதான் ஆரம்பிச்சாங்க'ன்னுதான் அங்கேயும் நினைப்பாங்க. ரெண்டு பக்கமும் பொய் இல்ல. அப்போ இது நிக்கவே நிக்காதே! யாராவது ஒருத்தர் ஒரு அடிய வாங்கிட்டுச் சும்மா இருக்கணும்.

ராஜாகிட்ட ஓடினா. "இந்தத் தடவை விட்டுடுங்க."

"பயந்துட்டோம்னு நினைச்சு ஊருக்குள்ள புகுந்தான்னா?"

"அங்க இருக்கிற ஆளுக்குப் புரியுங்க."

"எந்த ஆளு? நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"படை வந்துச்சுன்னா உன் தலை இருக்காது."

"சரிங்க"ன்னா.

முதல் நாள் முரசுச் சத்தம் இல்ல. ரெண்டாம் நாளும் இல்ல. மூணாம் நாள், சளக் சளக்னு ஒரே ஒரு பரிசல் வந்துச்சு. உள்ள தூதுவன். "எங்களுக்கும் சண்டை வேண்டாம்"னான்.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். "என்ன வேணும் கேளு"ன்னான். "அந்த ஆளைப் பாக்கணும்"னா.

என்ன, ம் காணோம்? தூங்கிட்டியா? சரி. கேக்க ஆள் இல்லேன்னு கதைய நடு ஆத்துல விட முடியுமா?

அப்புறம், சமாதானம் பேசி முடிச்சுப் பத்து நாள் கழிச்சு, அவ பரிசல் ஏறிப் போனா. அந்த ஆளோட வீட்டுல வாசல் கூட்டுற அம்மா நின்னுச்சு. "அழகேசன் ஐயாவா? அவரு தவறிப் போய் ஒரு வாரம் ஆச்சே தாயி. 'அக்கரையில நிறுத்திட்டாங்க, நாமளும் நிறுத்துங்க'ன்னு ராஜாகிட்ட சொல்லிட்டு வந்து படுத்தவருதான். அவருக்குன்னு யாரும் இல்ல. ரெண்டு மணையப் போட்டுத் தனியா ஆடிக்கிட்டே இருப்பாரு."

செங்கமலம் உள்ள போனா. ரெண்டு மணை கிடந்துச்சு. "இது அவரோடது"ன்னு அந்தம்மா காட்டின மணை புதுசாட்டம் இருந்துச்சு. எதிர்மணைதான் நடுவுல குழிஞ்சு, தேஞ்சு போயிருந்துச்சு. அத்தனை வருஷமும் அவரு இவ இடத்துலதான் உக்காந்திருந்தாரு.

அவ அதுல போய் உக்காந்தா. எதிர்ல யாரும் இல்ல. வாய்விட்டு அழுதா.

கதை கரை சேந்துடுச்சு. நீ தூங்கு, குட்டி.