எண்பத்து மூன்றாம் பாட்டு

"எம் பொண்ணுக்கு வெறி பத்தலைங்கம்மா" என்றான் செங்கோடன்.

அம்மை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

செங்கோடனுக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. வயது நாற்பத்தாறு. பன்னிரண்டு வருடமாக மாதம் ஒரு ஞாயிறு, கொல்லிமலை அடிவாரத்திலிருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு வந்துவிடுவான். கிணறு தூர் வாரினால் முதல் ஆளாக இறங்குவான். சீடர்களில் தன்னைப் போல் ஒருவன் இல்லை என்பது அவன் எண்ணம்.

அம்மை ஒரு காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்து, இப்போது அதை நடத்துபவர். காவி கட்டுவதில்லை. உபதேசமும் குறைவு. கோபம் மட்டும் உண்டு.

செங்கோடன் தன் குறையைச் சொன்னான்.

மகள் கனிஷ்காவுக்குப் பத்து வயது. போன மாதம் அபாகஸ் போட்டியில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தாள். அதுகூடப் பரவாயில்லை. முதலாவதாக வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி மேடையிலிருந்து இறங்கினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தோற்றோமே என்ற எரிச்சல் ஒரு துளி இல்லை. இப்படி இருந்தால் நாளைக்கு இந்த உலகத்தில் எப்படிப் பிழைப்பாள்? அம்மை அவள் தலையில் கை வைத்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

அம்மை கேட்டார்.

"யாரும் எதுவும் சொல்லாத நேரத்துல அவ என்ன பண்ணுவா?"

அப்படி ஒரு நேரமே கிடையாது என்றான் செங்கோடன். பெருமையாகத்தான் சொன்னான். காலையில் ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவதிலிருந்து தொடங்கினான். ஸ்கூலுக்கு முன்னால் கணக்கு, ஸ்கூல் முடிந்ததும் இந்தி, அது முடிந்ததும் கீபோர்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் செஸ். சாப்பிடும்போதுகூடப் பொது அறிவு கேசட் மாதிரி போனில் ஓடிக்கொண்டே இருக்கும். வேனில் போகும் இருபது நிமிடம்தான் வீணாகிறது, அதற்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

அம்மை கத்தியைக் கீழே வைத்தார்.

"எந்திரிச்சுப் போ."

செங்கோடன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அம்மை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் காத்திருந்தான். குரு சீடனைச் சோதிப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இரண்டு மணி நேரம் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்தான்.

மடத்தில் சமைக்கும் பாவாயி அவரைக்காயை எடுக்க வந்தாள்.

இது சோதனையெல்லாம் இல்லை, அம்மைக்கு உன்மேல் நிஜமாகவே கோபம், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் செங்கோடனுக்கும் கோபம் ஏறியது. அப்படி என்ன கேட்டுவிட்டேன்? பெற்ற பிள்ளை நன்றாக வர வேண்டும் என்பது குற்றமா?

சேந்தமங்கலம் தாண்டும்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. அம்மை இதுவரை கனிஷ்காவைப் பார்த்ததில்லை. பார்த்தால் புரிந்துகொள்வார்.

மடத்தைத் தொடங்கிய பெரியவர் நூறு பாட்டு எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் நாலு வரி. அம்மையைத் தவிர ஒருவருக்கும் நூறும் மனப்பாடமில்லை.

செங்கோடன் அன்றைக்கே அந்தப் பாட்டுப் புத்தகத்தை மகளிடம் கொடுத்தான். நான்கு வாரம் அவகாசம் என்றான்.

அவள் படித்தாள். எப்படிப் படித்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். கனிஷ்கா பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். அம்மையை விழுந்து கும்பிட்டாள். அப்பா காட்டிய மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

கிணற்றடியில் நாலைந்து பிள்ளைகள் மண்ணில் அணை கட்டிக்கொண்டிருந்தன. போய் விளையாடு அம்மணி என்றார் அம்மை.

கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். தொண்டை கட்டிவிடும், வேண்டாம் என்று அவன் தலையசைத்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

அம்மை இதைப் பார்த்தார்.

பூசை முடிந்ததும் செங்கோடன் கூட்டத்தின் முன்னால் வந்தான். மகள் நூறு பாட்டையும் சொல்லப்போகிறாள் என்று அறிவித்தான். எல்லாரும் வியந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் நடுவில் வந்து நின்று கை கட்டிக்கொண்டாள். தொடங்கினாள்.

நல்ல குரல். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. இருபது, நாற்பது, அறுபது என்று போயிற்று. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செங்கோடன் பாட்டைக் கேட்கவில்லை. அம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்பத்து மூன்றாம் பாட்டில் கனிஷ்கா நின்றாள்.

இரண்டாவது வரி வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அம்மை சிரித்துக்கொண்டே முதல் சொல்லை எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார்.

"முதல்ல இருந்து" என்றான் செங்கோடன்.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.

கூட்டம் நெளிந்தது. கிணற்றடிப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தன. கனிஷ்கா வேகவேகமாகச் சொன்னாள். மறுபடியும் எண்பத்து மூன்றில் நின்றாள்.

போதும் விடப்பா, குழந்தைதானே என்றார் ஒருவர்.

இல்லைங்க, வீட்டில் சரியாகத்தான் சொன்னாள், இங்கே வந்து கவனத்தைக் கோட்டைவிடுகிறாள் என்றான் செங்கோடன். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"முதல்ல இருந்து."

மூன்றாம் முறை முப்பதாவது பாட்டிலேயே குரல் உடைந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. உடைந்த குரலோடு முப்பத்தொன்றைத் தொடங்கினாள்.

அம்மை எழுந்தார்.

"நிறுத்து."

கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகுதான் நிறுத்தினாள்.

அம்மையின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாவாயி பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள்.

"செங்கோடா. அவ நின்ன எடத்துல வந்து நில்லு."

அவன் வந்து நின்றான்.

"கையக் கட்டு. சொல்லு."

தன் பக்தியைக் காட்டச் சொல்கிறார் என்று அவன் நினைத்தான். கணீரென்று தொடங்கினான். பதினொரு பாட்டு வந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. அசட்டுச் சிரிப்போடு அம்மையைப் பார்த்தான்.

"முதல்ல இருந்து."

யாரோ சிரித்தார்கள். செங்கோடனுக்குக் காது சூடேறியது. மறுபடி தொடங்கினான். இந்த முறை ஒன்பதிலேயே சிக்கிக்கொண்டான்.

"முதல்ல இருந்து."

அவன் கட்டிய கையை அவிழ்த்தான்.

தன்கீழ் முப்பது பேர் வேலை செய்கிறார்கள், இத்தனை பேர் முன்னால் இப்படி நிறுத்தி வைப்பது முறையில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த மடத்துக்கு உழைத்ததற்கு இதுதான் பலனா என்றான். ஒரு சொல் மறந்தது அவ்வளவு பெரிய குற்றமா என்றான்.

அம்மை அசையவில்லை.

"முதல்ல இருந்து."

"முடியாது" என்று கத்தினான் செங்கோடன். "நீங்க ஒண்ணைப் பெத்து வளத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஊரான் பெத்ததத் துடைச்சுக் குடுத்தவங்களுக்கு என்ன தெரியும்?"



அப்படி ஒரு வார்த்தையை அம்மையைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. சொன்னது தப்பு என்று செங்கோடனுக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மை நின்ற இடத்திலிருந்து அவனை நோக்கி வந்தார். வேகமாக வந்தார். கை உயர்ந்தது. வாசலைக் காட்டி வெளியே போகச் சொல்வதற்காக உயர்ந்ததா, வேறெதற்காகவா என்று பாவாயிக்குத் தெரியவில்லை. ஒருவேளை அம்மைக்கே தெரிந்திருக்காது.

அதற்குள் கனிஷ்கா ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

இரண்டு கையாலும் அம்மையின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. இப்படியான நேரத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவளைப் போல, மெதுவாக, மரியாதையாகப் பேசினாள்.

"அப்பாவப் பாத்ரூம்ல போட்டுப் பூட்டிறாதீங்க. நான் சொல்லிக் குடுத்தர்றேன். நாளைக்குத் தப்பில்லாமச் சொல்லிருவாருங்க. பூட்டுனாலும் லைட்ட மட்டும் அணைச்சிறாதீங்க."

அம்மையின் கை அப்படியே இறங்கியது.

அறுபது பேரும் செங்கோடனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் மகளுடைய முதுகும், ரிப்பன் கட்டிய இரண்டு சடையும்தான் தெரிந்தன. அந்த முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. அவனை மறைத்துக்கொண்டு நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

அம்மை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் பூட்ட மாட்டார்கள் என்றார்.

கனிஷ்கா நம்பவில்லை. சேலையை விடவில்லை.

"அத நான் சொன்னாப் பத்தாது" என்றார் அம்மை. குரலில் கோபம் அப்படியே இருந்தது. செங்கோடனை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லு."

செங்கோடனும் தரையில் உட்கார்ந்தான். மகளைத் தன் பக்கம் திருப்பினான்.

"இனிமேப் பூட்ட மாட்டேன் கண்ணு" என்றான்.

கனிஷ்கா யோசித்தாள்.

"எத்தனை தப்பு வரைக்கும்ங்கப்பா?"

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை.

"கணக்கே இல்ல கண்ணு."

அது சரியான விடைதானா என்று அவள் அம்மையைத் திரும்பிப் பார்த்தாள்.