ஆறிப்போன பிரேக்

ரெபேக்காவுக்கு வயது முப்பது. அவளிடம் பிரேக் வேலை கற்க வந்த சீடர் செல்லமுத்துவுக்கு நாற்பத்தாறு. கோயம்புத்தூரில் கிரைண்டர் கடை வைத்திருப்பவர். மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் அந்த ஞாயிற்றை நினைத்துக்கொண்டே கிரைண்டர் விற்பார். "இது சத்தம் போடுமாங்க?" என்று யாராவது கேட்டால், "மூணாவது வளைவுல போடுமுங்க" என்பார்.

அன்று ஓட்டம் முடிந்து, எல்லோரும் பிரேக்கில் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் ரேஸ் பேடுகளைக் கழற்றிவிட்டு, ரோட்டுக்கான பேடுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லமுத்து மட்டும் ஸ்பேனரைத் தொடவில்லை.

"மாஸ்டர், இது இப்படியே இருக்கட்டுங்களா?"

"ஏனுங்கண்ணா?"

"கழட்டுனா ஞாயித்துக்கிழமையே முடிஞ்சு போச்சுங்கற மாதிரி இருக்குதுங்க. அந்த வேகத்துலயே புடிக்கறது ரோட்டுல புடிக்காதுங்களா?"

ரெபேக்கா டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் இன்னொரு டீ. பிறகு சக்கரத்துக்குள் விரலை விட்டுப் பேடைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறியிருந்தது.

டீக்கடை நாற்காலி ஒன்றைக் காலி மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

"அதுக்கு முன்னாடி நிறுத்துங்க பார்க்கலாம்."

செல்லமுத்து சிரித்துக்கொண்டே காரை ஓட்டிவந்தார். வழக்கமாக மிதிக்கும் இடத்தில் மிதித்தார். கார் நிற்க யோசித்தது. நாற்காலி எகிறிப்போய் விழுந்தது.

"யோவ்!" டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "இத்தன நேரம் எம் பொண்டாட்டி அதுலதான்யா உக்காந்திருந்தா!"

செல்லமுத்து இறங்கினார்.

"அதே பேடுதானுங்களே, மாஸ்டர்?"

"அதேதான். ரேஸ் வேகத்துல ஓடிச் சூடேறுனாத்தான் முழுசாப் புடிக்கும்."

"அப்ப ரோட்டுலயும் சூடேத்திக்கிட்டா?"

"ஏத்துங்க. உங்க கடை வீதியில எந்த வேகத்துல போவீங்க?"

அவர் உடைந்த நாற்காலியைப் பார்த்தார். ஜாக்கி எடுத்துவந்து காரைத் தூக்கினார். ரேஸ் பேடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ரோட்டு பேடுகளை மாட்டினார். கழற்றியவற்றைத் துணியில் சுற்றினார். கீழே வைக்க மனம் வரவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அடுத்த மாசம் வரைக்கும் இதை மறந்துடணுங்களா, மாஸ்டர்?"

"எதுக்குங்கண்ணா மறக்கணும்? பக்கத்து சீட்டுல வெச்சுக்குங்க. கூடவே வரட்டும். நிறுத்தற வேலையை மட்டும் அதுகிட்டக் குடுக்காதீங்க."