ஐந்தாவது விரல்

"முதல்ல பால்வாடி. பேசாத பிள்ளையைப் பார்த்துக்க ஆளில்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. ரெண்டாவது தொடக்கப்பள்ளி. சேர்த்துக்கிட்டு, கடைசி பெஞ்சில உட்காரவச்சு மறந்துட்டாங்க. மூணாவது ஒரு பஸ் கண்டக்டர். பாதி வழியில இறக்கிவிட்டான். நாலாவது என் கூடப்பிறந்த தம்பி. மகள் கல்யாணத்துக்கு என்னை மட்டும் வரச் சொன்னான்."

சடையப்பன் நான்கு விரல்களை மடக்கி நிறுத்தினார். முப்பது வருஷம் மில் வாசலில் தொழிற்சங்கக் கூட்டங்களில் முழங்கிய குரல். சுவரோரம் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருடைய ஒன்பது வயது மகள் செங்கொடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா ஒரு வார்த்தையில பதில் சொல்லுவா, டீச்சர். எழுதியிருக்கிறதைப் படிப்பா. ஆனா தானா வந்து பேச ஆரம்பிச்சதே இல்லை. ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுட மாட்டாளான்னு கிடக்கிறேன். என்ன வழி?"

பேசாத பிள்ளைகளுக்கான அந்தப் பயிற்சிக்கூடத்தின் டீச்சர் ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு வயது. அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, செங்கொடிக்கு எட்டாத அலமாரித் தட்டில் வைத்தாள்.

செங்கொடி டம்ளரைப் பார்த்தாள். உதடு மெல்லப் பிரிந்தது.

"தண்ணியா கண்ணு? தாகமா? இந்தா."

சடையப்பன் எடுத்துக் கொடுத்துவிட்டார். உதடு மூடிக்கொண்டது.

ஜெசிந்தா தன் கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள்.

"அஞ்சு."

அவருக்குச் சுருக்கென்றது.

"வாயில்லாதவங்களுக்காகப் பேசியே வாழ்ந்தவன்மா நான்."

"அதான் தெரியுதே."

"பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்திருக்கேன். சொல்லுங்க, என்ன செய்யணும்?"

"சோறு நல்லாச் சாப்பிடுங்க, ஐயா. பேச்சை மட்டும் விடுங்க."

அம்மாக்கள் சிரித்துவிட்டார்கள்.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. பெட்டியில் பெயர் அட்டைகள் இருக்கும். பிள்ளை ஒன்றை எடுத்து வாசித்தால், அந்தப் பெயருக்குரியவர் எழுந்துபோய் எதிரே உட்கார வேண்டும். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, தூண்டக் கூடாது.

ஜெசிந்தா அவருக்கும் ஒரு அட்டை எழுதிப் போட்டாள்.

செங்கொடியின் கை பெட்டிவரை போகும். திரும்பிவிடும். முதல் நாள் அப்படி. ஐந்தாம் நாளும் அப்படி. 'எடு கண்ணு' என்பது அவர் தொண்டைவரை வந்து முட்டும். விழுங்குவார்.

"ஒரு வார்த்தை சொல்லிக்குடுங்களேன், அண்ணே," என்றாள் ஒரு அம்மா.

அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் யாரோ ஒரு சிறுமி தகப்பன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அது என்னப்பா? அப்பா, இங்க பாரேன்!" அந்த மனிதன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சடையப்பன் அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றார். செங்கொடியும் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் கை பெட்டிக்குள் போனது. அட்டைகளைத் தள்ளித் தள்ளித் தேடியது. ஒன்றை எடுத்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். ஜெசிந்தா அசையவில்லை. சடையப்பன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அட்டையில் 'சடையப்பன்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

செங்கொடி அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அத்தனை பேருக்கும் கேட்க வாசித்தாள்:

"தோழர் சடையப்பன்."