கீழ்ப்படி

கொடைவல்ல பூபதி என்று ஒரு ராஜா. பெயர்தான் அப்படி. கை நீளாது. மருதங்கோட்டையை ஆண்டுவந்தான். மாடமாளிகை கட்டும் ஆசை வந்தது. கட்டினான்.

அந்த ஊரில் கூலி என்றால் அரிசி. நாளுக்கு இத்தனை படி என்று அளந்து போடுவார்கள். சிற்பியும் தச்சனும் வாங்குவது மேல்படி. மண் மிதிப்பவர், கல் சுமப்பவர் வாங்குவது கீழ்ப்படி. அரண்மனைப் பேச்சு அது.

மாளிகை முடிகிற நேரம். பொக்கிஷக்காரர் குழைக்காதர் சபையில் எழுந்தார்.

“அரசே, கல் சுமக்கிறவனுக்கு நாளுக்கு ஒரு படியாம்! என்ன வித்தை தெரியும் அவனுக்கு? மாடுகூடத்தான் சுமக்கும். அரைப்படியே ஏராளம்.”

அரண்மனை விகடன் தீத்தாரப்பனுக்கு இது பொறுக்கவில்லை. காலையில்தான் சாந்து சுமக்கும் வெள்ளச்சி அவனிடம் புலம்பியிருந்தாள். “சாமி, கூலியைக் குறைக்கப் போறாங்களாமே. ஒரு படிக்கு எங்க வீட்டுல ஆறு வாய். பாதியாக்கினா எந்த வாயைத் தைக்கிறது?”

“அரசே,” என்று ஆரம்பித்தான் தீத்தாரப்பன்.

“உன்னை யார் கேட்டது?” என்று ராஜா சீறினான். “கூலி குறைந்தது குறைந்ததுதான். நீயே போய் உத்தரவை நிறைவேற்று.”

“சரி. சபையறிய ஒரு தரம் சொல்லிவிடுங்கள். நான் மாற்றிச் செய்தேன் என்று நாளைக்குப் பழி வரக் கூடாது.”

“மேல்படியில் கை வைக்காதே. கீழ்ப்படியில் பாதியை வெட்டு. போதுமா?”

“தாராளமாய்ப் போதும், அரசே.”

நேரே மாளிகைக்குப் போனான். வெள்ளச்சி கூட்டத்தைக் கூப்பிட்டான். கடப்பாரையை எடுக்கச் சொன்னான்.

மறுநாள் கிரகப்பிரவேசம். மேளம், நாயனம், ஏக அமர்க்களம். “முகூர்த்தம் தப்பப் போகிறது, சீக்கிரம் மாடி ஏறுங்கள்!” என்று ஜோசியர் விரட்டினார். ராஜா உள்ளே போய், மாடிப்படிக்கு முன்னால் தொங்கிய பட்டுத் திரையை விலக்கினான்.

படியைக் காணோம். சுவரில் பதித்த கற்படிகள் ஆள் உயரத்துக்கு மேலேதான் தொடங்கின.

ராஜா குதித்தான். கனத்த உடம்பு. எட்டவில்லை.

“குழைக்காதரே, குனியும்!”

குனிந்தார். ராஜா முதுகில் ஏறினான்.

“ஐயோ, அம்மா!”

தீத்தாரப்பன் அவர் காதோரம் குனிந்தான். “சும்மா சுமக்கிற வேலைதானே, ஐயா? நாளுக்கு அரைப்படி போதுமா?”

“போதாதுடா பாவி, போதாது!”

முதுகு மளுக்கென்றது. ராஜா உருண்டான். எழுந்தபோது மீசை துடித்தது.

“எவன் செய்த வேலை இது?”

“அடியேன்தான். தங்கள் உத்தரவு. மேல்படியில் கை வைக்கவில்லை, பாருங்கள், பளபளவென்று இருக்கிறது. கீழ்ப்படியில்தான் பாதியை வெட்டினேன்.”

“அடே, நான் சொன்னது அரிசி அளக்கும் படி!”

“இரண்டும் ஒன்றுதான், அரசே. கீழே வெட்டினால் மேலே ஏற முடியாது.”

“வாயை மூடு! முகூர்த்தம் போகிறது. ஆட்களை விட்டு உடனே கல்லை ஏற்று. என் உத்தரவுக்குக் கீழ்ப்படி!”

வேலையாட்கள் சுவரோரம் நின்றார்கள். ஒரு கையும் அசையவில்லை. தீத்தாரப்பன் பணிவாகக் கைகட்டினான்.

“எப்படி, அரசே? கீழ்ப்படியைத்தான் பாதியாய் வெட்டிவிட்டீர்களே. இனி பாதிதான் கீழ்ப்படிய முடியும்.”

ராஜா முறைத்தான். மீசை மறுபடி துடித்தது. இந்தத் தரம் சிரிப்பில். தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு வெள்ளச்சியைப் பார்த்தான்.

“நீ சொல்லம்மா. உன் வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட எத்தனை படி வேண்டும்?”

“ரெண்டு, மகாராசா.”

“சுமக்கிறவர் எல்லாருக்கும் இனி இரண்டு படி. இந்தப் போக்கிரிக்கு என் முத்துமாலை.”

வெள்ளச்சி முதல் கல்லைத் தூக்கினாள். குழைக்காதர் தரையில் கிடந்தவாறே முனகினார்.

“அரசே, பொக்கிஷம் தாங்காது...”

தீத்தாரப்பன் அவர் பக்கம் திரும்பினான்.

“பொக்கிஷம் தாங்கும், ஐயா. உம்முடைய முதுகுதான் தாங்காது!”